மூளைக்கு அடியில் கட்டி: சிலருக்கு மூக்கு வழி, சிலருக்கு மண்டை வழி, ஏன்?

"மூளைக்குக் கீழே கட்டி இருக்கு, மூக்கு வழியாவே எடுத்துடலாம்" என்று டாக்டர் சொன்னால், கேட்கிறவர் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார். அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் மூளைக்குக் கீழேதான் கட்டி, ஆனால் அவருக்குக் காதுக்குப் பின்னால் திறக்கப் போகிறார்கள். எதிர்க் கட்டில் அம்மாவுக்கு நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பை எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறார்கள். இது போதும், சொந்தக்காரர்களுக்குள் மாநாடு கூடிவிடும். "அவங்களுக்கு மட்டும் வெளியில தையலே இல்லாம முடிச்சுட்டாங்களாம், நமக்கு மட்டும் ஏனுங்க மண்டையைத் திறக்கணும்?"

நியாயமான கேள்விதான். இதற்கான பதிலில் பெரிய ரகசியம் ஏதும் இல்லை, கொஞ்சம் உடற்கூறு தெரிந்தால் போதும்.

மண்டையோடு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தலையைத் தொட்டால் கையில் தட்டுப்படும் மேல் ஓடு. அது மூடி மட்டும்தான். மூளை உட்கார்ந்திருக்கும் தரை ஒன்று அடியில் இருக்கிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் மேலே தொடங்கி, இரண்டு காதுகளுக்கும் நடுவே போய், பிடரிக்கு உள்ளே முடிகிறது. முன்பகுதி உயரம், நடுப்பகுதி அதற்குக் கீழே, பின்பகுதி இன்னும் கீழே என்று மூன்று தளமாக இறங்கும். மேல் ஓடு வழவழவென்று இருக்கும். இந்தத் தரை மேடும் பள்ளமும் ஓட்டையுமாக இருக்கும். மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகள் கண், காது, முகம், நாக்கு, தொண்டை என்று எங்கே போவதானாலும் இந்தத் தரையை ஒட்டியோ துளைத்தோதான் போக வேண்டும். மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் நான்கு பெரிய குழாய்களும் இதன் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன: முன்னால் இரண்டு கரோட்டிட், பின்னால் கழுத்தெலும்பை ஒட்டி இரண்டு. பிடரிப் பக்கம் இருக்கும் பெரிய ஓட்டை வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது.

இவ்வளவு நெரிசலான இடத்தில் கட்டி வந்தால், அது புற்றுநோயாக இல்லாவிட்டாலும் தொல்லைதான். உண்மையில் இங்கே வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பிட்யூட்டரி சுரப்பியில் வரும் அடினோமா, மூளையின் உறையிலிருந்து வளரும் மெனிஞ்சியோமா, காது நரம்பின் உறையில் வரும் ஸ்க்வானோமா, இந்த மூன்றைத்தான் அதிகம் கேள்விப்படுவீர்கள். மெதுவாக, வருஷக்கணக்கில் வளரும். ஆனால் கையிலோ முதுகிலோ 3 சென்டிமீட்டர் கட்டி வந்தால் சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். இங்கே அதே 3 சென்டிமீட்டர் பார்வையைப் பறிக்கும், காதை அடைக்கும், விழுங்க விடாமல் செய்யும்.

சரி, எந்த வழியாக உள்ளே போவது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? சேலத்துக்காரர்களுக்கு ஏர்காடு ரோட்டை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் ரோடு ஒன்று. குப்பனூர், கொட்டச்சேடு வழியாகப் போகும் ரோடு இன்னொன்று. இதில் எது நல்ல ரோடு என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. நீங்கள் போக வேண்டிய எஸ்டேட் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது, வழியில் எங்கே மண் சரிந்து கிடக்கிறது, உங்கள் வண்டி என்ன வண்டி, இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் உள்ளூர்க்காரர் வழி சொல்வார். மண்டையோட்டு அடித்தளமும் அப்படித்தான். மண் சரிவுக்குப் பதிலாக இங்கே குறுக்கே கிடப்பவை நரம்பும் ரத்தக்குழாயும்; மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போகலாம், நரம்பை அப்படிச் செய்ய முடியாது.

அதனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி ஒன்று உண்டு. கட்டியை அடைவதற்காக ஒரு நரம்பைத் தாண்டிப் போகாதே. கட்டி நடுக்கோட்டில் இருந்து, நரம்புகளையும் ரத்தக்குழாய்களையும் வெளிப்பக்கமாக ஒதுக்கித் தள்ளியிருந்தால் நடுவழியாக, அதாவது மூக்கு வழியாகப் போகலாம். கட்டி நரம்புகளுக்கு வெளிப்பக்கம் இருந்தால் மூக்கு வழி போனால் முதலில் முட்டுவது நரம்பில்தான், அதனால் பக்கவாட்டிலிருந்து போக வேண்டும். மீதி எல்லாம் இந்த விதியின் கிளைகள்.

இன்னொரு விதி, மூளையை நகர்த்தாதே, எலும்பைக் குறை. ஒரு காலத்தில் அடித்தளத்தைப் பார்க்க மூளையை மேலே தூக்கிப் பிடிப்பார்கள், அந்தத் தூக்கலாலேயே பிறகு வலிப்பும் பலவீனமும் வரும். இப்போது மூளையைத் தொடாமல், வழியில் இருக்கும் எலும்பை டிரில் வைத்துத் தேய்த்து இடம் உண்டாக்குகிறார்கள். மண்டையைத் திறந்தாலும் சரி, மூக்கில் போனாலும் சரி, இது பொருந்தும்.

மூக்கு வழி

மூக்குத் துவாரத்திலிருந்து நேராக உள்ளே சுமார் 7 சென்டிமீட்டர் போனால் ஸ்பீனாய்டு என்ற எலும்பு வரும். அதற்குள் காற்று நிரம்பிய சைனஸ் அறை ஒன்று இருக்கிறது. அந்த அறையின் பின்சுவரில் இருக்கும் சின்னக் குழியில்தான் பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அரை கிராம் எடைதான் இருக்கும், ஆனால் உடம்பின் முக்கியமான ஹார்மோன்கள் பலவும் அதன் கட்டுப்பாட்டில். இயற்கையே காலியான அறையை அந்த இடத்தில் வைத்திருப்பதால், மூளையைத் தொடாமலேயே மூளையின் அடிப்பாகத்துக்குப் போய்விடலாம்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1907-லேயே ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்கு வழியாகப் பிட்யூட்டரி கட்டியை எடுத்துவிட்டார், அதற்காக மூக்கையே ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஹார்வி குஷிங் மேலுதட்டுக்கு அடியில் கீறி உள்ளே போனார், இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்தார், கடைசியில் அவரே இந்த வழியை விட்டுவிட்டு மண்டையைத் திறக்கப் போய்விட்டார். குறுகிய ஆழமான பொந்துக்குள் வெளிச்சம் போதாது, கிருமி தொற்றினால் கொடுக்க அன்றைக்கு ஆன்டிபயாட்டிக்கும் கிடையாது. குஷிங் விட்டதும் பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டார்கள். எடின்பரோவில் நார்மன் டாட் போன்ற ஒரு சிலர்தான் விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். டாட்டிடமிருந்து பாரீசின் ஜெரார்ட் கியோ கற்றுக்கொண்டார், கியோவிடமிருந்து மாண்ட்ரியாலின் ஜூல்ஸ் ஹார்டி கற்றுக்கொண்டு 1960-களில் மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்தார். ஒரு சிலர் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்ததால் பிழைத்த முறை இது. 1990-களில் எண்டோஸ்கோப் வந்த பிறகுதான் இப்போது நாம் பார்க்கும் வடிவம் கிடைத்தது.

எண்டோஸ்கோப் என்பது 4 மில்லிமீட்டர் தடிமன், 18 சென்டிமீட்டர் நீளம் உள்ள உலோகக் குழாய், நுனியில் வெளிச்சமும் லென்ஸும். மைக்ராஸ்கோப் நேர்கோட்டில் மட்டும் பார்க்கும். எண்டோஸ்கோப்பில் 30 டிகிரி சாய்ந்த லென்ஸ் போட்டால் மூலை திரும்பிப் பார்க்கலாம். ஆபரேஷன் தியேட்டரில் பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து செய்வார்கள், காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர், மூளை அறுவை டாக்டர் ஒருவர். ஒரு துவாரத்தில் கேமரா, மறு துவாரத்தில் கருவி, நான்கு கைகள்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். முதலில் அட்ரினலின் நனைத்த பஞ்சுத் துண்டுகளை மூக்குக்குள் வைத்துச் சதையைச் சுருங்க வைப்பார்கள், ரத்தக் கசிவு குறையும், இடமும் கிடைக்கும். பக்கவாட்டுச் சதை மடிப்புகளை ஒதுக்கிவிட்டு, நடுச்சுவரின் பின்பகுதி எலும்பைக் கொஞ்சம் எடுத்து, ஸ்பீனாய்டு அறையின் வாசலைப் பெரிதாக்குவார்கள். உள்ளே போனதும் பின்சுவரில் அடையாளங்கள் தெரியும். நடுவில் பிட்யூட்டரியின் புடைப்பு, இரண்டு பக்கமும் கரோட்டிட் ரத்தக்குழாய்களின் புடைப்பு, மேலே கண் நரம்புகளின் மேடு. இந்த அறுவை சிகிச்சையில் எல்லோரும் பயப்படுவது அந்த இரண்டு கரோட்டிட் குழாய்களுக்குத்தான், அபூர்வமாகத்தான் காயம் படும், பட்டால் உயிருக்கே ஆபத்து. எலும்பை டிரில் பண்ணுவதற்கு முன்னால் டாப்ளர் கருவியை வைத்து ரத்த ஓட்டச் சத்தத்தைக் கேட்டு, குழாய் எங்கே போகிறது என்று உறுதி செய்துகொள்வார்கள். நேவிகேஷன் திரையில் நோயாளியின் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும், கருவியின் நுனி எங்கே இருக்கிறது என்று காட்டும். எலும்பைத் திறந்து, உறையைக் கீறினால் கட்டி வரும். அடினோமா பெரும்பாலும் சாம்பல் கலந்த வெள்ளையாக, மெத்தென்று இருக்கும், சுரண்டியும் உறிஞ்சியும் எடுத்துவிடலாம். நல்ல சுரப்பி மஞ்சளாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். அதை விட்டுவைப்பதில்தான் கைத்திறமை.

எடுப்பதைவிட மூடுவது கஷ்டம். மூளையைச் சுற்றி எந்நேரமும் சுமார் 150 மில்லி நீர் இருக்கிறது, ஒரு நாளைக்கு அரை லிட்டர் புதிதாகச் சுரக்கிறது. அடித்தளத்தில் ஓட்டை போட்டுவிட்டுச் சரியாக மூடாவிட்டால் அந்த நீர் மூக்கு வழியாக ஒழுகும், அதே வழியாகக் கிருமி உள்ளே போகும், மூளைக்காய்ச்சல் வரும். தொடையிலிருந்து எடுத்த ஜவ்வு, வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்பு இவற்றை வைத்து அடைத்துப் பார்த்தார்கள், சின்ன ஓட்டைக்குச் சரி, பெரிய ஓட்டைக்குப் போதவில்லை. 2006-ல் வெளியான ஒரு உத்தி இதை மாற்றியது. மூக்கின் நடுச்சுவரை மூடியிருக்கும் ஜவ்வை, அதற்கு ரத்தம் தரும் குழாயோடு சேர்த்தே உரித்து, அப்படியே திருப்பி ஓட்டையின் மேல் போர்த்திவிடுவது. ரத்த ஓட்டம் இருப்பதால் ஒட்டிக்கொண்டு ஆறிவிடும். நீர்க்கசிவு கணிசமாகக் குறைந்தது, அதனால்தான் பிட்யூட்டரியைத் தாண்டி இன்னும் பெரிய கட்டிகளுக்கும் மூக்கு வழி திறந்தது. என்னைக் கேட்டால், கேமராவைவிட இந்த ஒரு துண்டு ஜவ்வுதான் இந்தத் துறையைப் புரட்டிப் போட்டது.

அதற்காக மூக்கு வழி என்றால் வலியே இல்லாத சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வெளியில் தையல் இல்லை, அவ்வளவுதான். சில வாரங்களுக்கு மூக்கு அடைப்பு, பொருக்கு, உப்புத் தண்ணீரால் கழுவல் எல்லாம் உண்டு, வாசனை குறையவும் கூடும். சமையல்காரருக்கும் காபிக் கொட்டையைச் சுவைத்துத் தரம் பிரிக்கிறவருக்கும் இது சின்ன விஷயம் இல்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பக்கக் கண்ணாடி தெரியாத டிரைவர்

என் சித்தப்பா சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டியவர். ஒரு கட்டத்தில் வண்டியை ஒடிக்கும்போது இரண்டு பக்கமும் உரச ஆரம்பித்தது. "அண்ணா, லெஃப்ட்ல பைக்கு, பாருங்கண்ணா!" என்று கிளீனர் பையன் கத்திக்கொண்டே வருவான். சித்தப்பா பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலையையே முழுசாகத் திருப்பிக்கொண்டிருந்தார். சித்தி, "வயசாயிடுச்சுங்க, கண்ணாடி மாத்துங்க" என்றார். மாற்றினார். எழுத்து அட்டையைக் கடைசி வரிசை வரைக்கும் படித்தார், ஆனால் உரசல் நிற்கவில்லை.

இதன் காரணம் சுவாரஸ்யமானது. இரண்டு கண் நரம்புகளும் மூளைக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் சந்தித்து, பாதி இழைகளை மாற்றிக்கொள்கின்றன. அந்தச் சந்திப்பு பிட்யூட்டரிக்கு நேர் மேலே இருக்கிறது. கட்டி கீழேயிருந்து வளர்ந்து அந்தச் சந்திப்பை அழுத்தினால் முதலில் போவது வலக்கண்ணின் வலப்பக்கமும் இடக்கண்ணின் இடப்பக்கமும். நேராகப் பார்ப்பது கெடாது, அதனால் எழுத்து அட்டை எதையும் காட்டிக்கொடுக்காது. பிறகு ஒரு கண் டாக்டர் எதிரே உட்கார்ந்து, "என் மூக்கையே பாருங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் அகல விரித்து விரல்களை ஆட்டினார். சித்தப்பாவுக்கு விரல்கள் முகத்துக்குக் கிட்டே வரும் வரைக்கும் தெரியவே இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததும் விஷயம் வெளியே வந்தது. மூக்கு வழியாக எடுத்தார்கள். மறுநாள் கட்டிலில் படுத்தபடியே, "அந்தப் பக்கம் நிக்கறது நர்ஸம்மாவா?" என்று கேட்டார். அழுத்தம் போனதும் பலருக்கு இப்படிச் சீக்கிரமே பார்வை தெளியும். நீண்ட காலம் அழுந்திக் கிடந்த நரம்பு முழுசாகத் திரும்பி வராமலும் போகலாம்.

அதே பிட்யூட்டரி கட்டி சிலருக்கு வளர்ச்சி ஹார்மோனை அதிகமாகச் சுரந்து கை கால்களைப் பெரிதாக்கும். செருப்பு சைஸ் ஏறும், மோதிரமும் மெட்டியும் இறுகும். கொலுசுக்குப் பேர்போன ஊரில் இருக்கிறோம், மெட்டி இறுகினால் பெரிசாக வேறொன்று வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறோம். குண்டாகவில்லை, ஆனால் மோதிரம் மட்டும் வருஷா வருஷம் இறுகுகிறது என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில் நஷ்டமில்லை.

ஒரு முக்கியமான விதிவிலக்கு. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கட்டி என்றால் பெரும்பாலும் கத்தியே தேவையில்லை. மாதவிலக்கு நின்று, பால் கொடுக்காத மார்பில் பால் கசிந்து, குழந்தை தள்ளிப்போகும் பெண்களில் சிலருக்கு இது இருக்கும். கேபர்கோலின் மாத்திரை வாரத்துக்கு இரண்டு தரம் சாப்பிட்டாலே கட்டி சுருங்கும். அதனால் பிட்யூட்டரி கட்டி என்றதும் ஆபரேஷன் தேதி கேட்காமல், ஹார்மோன் ரிப்போர்ட் எல்லாம் வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம்

மண்டையைத் திறப்பது என்றால் தலையைப் பாதியாக வெட்டுவதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நடப்பது வேறு. தோலைக் கீறி, எலும்பில் ஒரு துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதே துண்டை டைட்டானியம் தகட்டால் பொருத்திவிடுவார்கள். மொட்டையடிக்க வேண்டிய அவசியமும் பல இடங்களில் இல்லை, கீறும் கோட்டில் மட்டும் முடியை எடுப்பார்கள்.

அதிகம் பயன்படுவது நெற்றிப்பொட்டு வழி. காதுக்கு முன்னாலிருந்து முடிக்கோட்டுக்கு உள்ளேயே வளைந்து நெற்றி வரைக்கும் கீறுவார்கள், தழும்பு முடிக்குள் மறைந்துவிடும். ஸ்விட்சர்லாந்தின் சூரிச்சில் இருந்த காஸி யாசர்கில் மைக்ராஸ்கோப்போடு இதைப் பரப்பினார். மூளையின் இரண்டு மடல்களுக்கு நடுவே இருக்கும் இயற்கையான இடுக்கைப் பிரித்துக்கொண்டு கண் நரம்பு, கரோட்டிட் வரைக்கும் போய்விடலாம். மெல்லும் தசையை நகர்த்த வேண்டியிருப்பதால் சில வாரங்களுக்கு வாயை அகலத் திறந்தால் வலிக்கும், முறுக்கு எல்லாம் அப்புறம்தான். சில சின்னக் கட்டிகளுக்குப் புருவத்தில் கீறி சாவித்துவாரம் அளவுக்குத் திறந்தும் எடுக்கிறார்கள். மூக்கின் கூரையில் பெரிதாக வளர்ந்த மெனிஞ்சியோமாவுக்கு நெற்றி எலும்பை அகலமாகத் திறப்பதும் உண்டு. இந்தக் கட்டிக்காரர்களில் சிலரை வீட்டில் 'ஆளே மாறிட்டார், எதிலும் நாட்டமில்லை' என்று மனநல டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். வாசனை தெரியாமல் போனதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

காதுப் பக்கம்தான் தேர்வு ரொம்பச் சிக்கலானது. காது நரம்பில் வரும் ஸ்க்வானோமாவின் முதல் அறிகுறி ஒரு காது மட்டும் மந்தமாவது, அந்தக் காதில் இரைச்சல், நடையில் லேசான தள்ளாட்டம். போனை எப்போதும் வலக்காதில் வைத்தவர் இடக்காதுக்கு மாறிவிட்டார் என்றால் கவனிக்க வேண்டும். இதற்கு மூன்று வழி. காதுக்குப் பின்னால் திறந்து போகலாம், கேட்கும் திறனைக் காப்பாற்றும் வாய்ப்பும் உண்டு. காதுக்கு மேலே திறந்து போகலாம், சின்னக் கட்டிக்கு. மூன்றாவது உள்காதையே டிரில் பண்ணிக்கொண்டு நேராகப் போவது. 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸின் வில்லியம் ஹவுஸ் இதை நிலைநாட்டினார். இதில் மூளையைத் தொடவே வேண்டியதில்லை, முக நரம்பும் தெளிவாகத் தெரியும், ஆனால் அந்தக் காது நிரந்தரமாகப் போய்விடும். காது ஏற்கெனவே கேட்கவில்லை என்றால் இழப்பதற்கு ஒன்றுமில்லை, இந்த வழி நல்ல வழி. பாருங்கள், ஒரே கட்டி, ஒரே அளவு, ஆனால் நோயாளிக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்பதை வைத்து வழி மாறுகிறது.

காது நரம்பை ஒட்டியே முக நரம்பு ஓடுகிறது. அது போனால் வாய் கோணும், கண் மூடாது. அதனால் முகத் தசைகளில் ஊசி மின்முனைகளைச் செருகி வைத்து, நரம்பைக் கருவி தொட்டாலே ஒலி எழும்படி வைத்துக்கொண்டுதான் கட்டியைப் பிரிப்பார்கள். கடைசித் துண்டு நரம்போடு பசையாக ஒட்டியிருந்தால் அனுபவமுள்ள டாக்டர் அதை வேண்டுமென்றே விட்டுவிடுவார். 'முழுசா எடுக்கலையாம், பாதியில விட்டுட்டாங்களாம்' என்று இதைத்தான் வெளியே குறையாகப் பேசுவார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: புற்றுநோய் அல்லாத கட்டியில் 5 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து முகத்தைக் காப்பாற்றிய டாக்டர்தான் நல்ல டாக்டர். மிச்சத்தை ஸ்கேனில் கண்காணிக்கலாம், வளர்ந்தால் காமா நைஃப் போன்ற கதிர்வீச்சு கொடுக்கலாம். ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1968-ல் கொண்டுவந்த முறை அது. கத்தி என்று பெயரில் இருந்தாலும் எதையும் வெட்டாது, வளர்ச்சியை நிறுத்தும். 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிக்கு ஆபரேஷனுக்குப் பதிலாகவே கொடுப்பதும் உண்டு. வயதானவருக்குச் சின்னக் கட்டி என்றால் ஒன்றுமே செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்கு ஒரு தரம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதும் முறையான சிகிச்சைதான்.

பிடரிப் பக்கத்துப் பெரிய ஓட்டையின் முன்விளிம்பில் கட்டி இருந்தால் பின்பக்கமிருந்து சாய்வாகப் போவார்கள், அங்கே பயப்படுவது விழுங்கும் நரம்புக்கும் குரல் நரம்புக்கும். நடுக்கோட்டு எலும்பிலேயே வரும் கார்டோமா என்ற கட்டி வேறு ரகம். மெதுவாக வளர்ந்தாலும் திரும்பத் திரும்ப வரும், சாதாரணக் கதிர்வீச்சுக்கு மசியாது. முடிந்த அளவுக்கு எடுத்துவிட்டுப் புரோட்டான் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள், அந்த வசதி 2019 முதல் சென்னையிலேயே இருக்கிறது.

பையன்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வயசுக்கு வரும் பருவத்தில் ஒரு பக்க மூக்கு அடைப்பும் அடிக்கடி மூக்கில் ரத்தமும் வந்தால் 'சூடு' என்று இளநீர் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். மூக்கின் பின்பகுதியில் ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு கட்டி அந்த வயதுப் பையன்களுக்கு வரும். அதிலிருந்து சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பதே ஆபத்து, ரத்தம் நிற்காது. ஸ்கேனிலேயே கண்டுபிடித்து, ஆபரேஷனுக்கு ஓரிரு நாள் முன்னால் அதற்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிட்டுத்தான் கட்டியை எடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மூக்கு வழியாக ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் அனுமதிக்கும் வரை மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், கனமாகத் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது. மலச்சிக்கலுக்கு மருந்து கொடுப்பது இதற்காகத்தான், அது வேண்டாம் என்று தூக்கிப் போடாதீர்கள். ஏர்காட்டுக்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று: மலை ஏறி இறங்கும்போது காது அடைத்தால் நாம் பழக்கதோஷத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை ஊதுவோம். புதிதாக மூடிய இடத்தில் அந்தக் காற்று நேராகப் போய் முட்டும், மூளைப் பக்கம் கூட நுழைந்துவிடும். எச்சிலை விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள், ஊதாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே 'வீடு மலை மேல இருக்குங்க, எப்போ ஏறலாம்?' என்று கேட்டுவிடுங்கள்.

குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீராகச் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால் அது சளி இல்லை, மூளை நீராக இருக்கலாம். நாளுக்கு 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போய்த் தாகம் அடங்காவிட்டால் பிட்யூட்டரியின் தண்ணீர்க் கணக்கு கெட்டிருக்கிறது, மருந்து இருக்கிறது. ஒரு வாரம் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், ரத்தத்தில் சோடியம் இறங்குவதும் உண்டு: தலைவலி, வாந்தி, அசதி, உளறல். இது எதுவானாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். உடம்பில் குறையும் ஹார்மோனுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தானாக நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

சேலத்தில் இருப்பவர்கள் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில், காது மூக்கு தொண்டை, கண், நரம்பியல் என்று எந்தப் பிரிவிலிருந்தும் தொடங்கலாம். சிக்கலான கட்டி என்றால் சென்னை, வேலூர், கோயம்புத்தூர் என்று அனுப்புவார்கள். வேலூர் சி.எம்.சி.யில்தான் 1949-ல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார், நமக்கு ஒரு பஸ் தூரம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்கள் ஆபரேஷன் அதில் வருகிறதா என்று அந்தந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், எம்.ஆர்.ஐ. பதிவான டிஸ்க்கையும் எடுத்துப் போங்கள். தாளில் இருப்பது இன்னொருவரின் கருத்து, வழியை முடிவு செய்ய ஆபரேஷன் செய்யும் டாக்டர் படத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் தயங்காமல் கேளுங்கள்: இந்த வழி ஏன், மற்ற வழி ஏன் வேண்டாம், கட்டி கரோட்டிட்டைச் சுற்றியிருக்கிறதா, இந்த மாதிரி ஆபரேஷன் இங்கே அடிக்கடி செய்கிறீர்களா, நீர் கசிந்தால் என்ன செய்வீர்கள், ஹார்மோன் டாக்டர் கூட இருப்பாரா. ஆபரேஷனுக்குப் பிறகு வழக்கமாக மூன்று மாதம் கழித்து ஒரு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், அதற்கு முன் எடுத்தால் உள்ளே வைத்து அடைத்த கொழுப்பும் வீக்கமும் சேர்ந்து கட்டி மிச்சமிருக்கிறதா இல்லையா என்று குழப்பும். மெனிஞ்சியோமா பத்து வருஷம் கழித்தும் திரும்பி வரலாம், அதனால் பழைய படங்களை எடைக்குப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.